நிலநடுக்க முன்னறிவும் அளவை நெறியும்

நிலநடுக்கத்தை முன்னரே அறிந்துரைத்தல் கூடுமோ என்னும் வினா, ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊரார்க்கு வெறும் நூலாராய்ச்சியன்று; உயிரைப் பற்றியது.

வராகமிகிரர் வடமொழியில் இயற்றிய பிருகத் சங்கிதையில் இதற்கென ஓர் அதிகாரமே உளது. கடல்வாழ் பேருயிர்களின் அசைவு, நிலந்தாங்கும் யானைகளின் இளைப்பு, காற்றுக்களின் மோதல், காணப்படாத வினைப்பயன் எனப் பண்டையோர் கூறிய காரணங்களைத் தொகுத்து, நடுக்கத்தின்முன் தோன்றும் குறிகளையும் அவர் வகுத்துரைப்பர். பலர் கொள்கையை மறையாது தந்தமை பாராட்டற்குரியதே. ஆயினும் அக்குறிகள் அளவையாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சிவஞான சித்தியார் அளவையை முற்கூறிப் பின்னரே பொருளை நிறுவுதலை அன்பர் அறிவர். புகை கண்டு நெருப்புண்மை துணிதல், அவற்றின் உடனிகழ்ச்சி பிறழாமையான் அன்றோ? விண்கொள்ளி வீழ்தலும் கோள்கள் கூடுதலும் நடுக்கத்தோடு அங்ஙனம் பிறழாது நிகழ்வன அல்ல. 1962 பிப்ரவரியில் மகரத்தில் எண்கோள் கூடியபோது, உலகம் அழியுமென அஞ்சிப் பலவிடத்தும் வேள்விகள் இயற்றினர், உலகம் அழிந்திலது.

இக்காலப் பௌதிக நூலார்க்கும் இவ்விதி ஒக்கும். சீன தேயத்து ஹைசெங்கில் 1975-இல் சிறு நடுக்கங்கள் முற்பட்டமையான் மக்கள் வெளியேற்றப்பட்டுப் பலர் பிழைத்தனர். அடுத்த ஆண்டே தாங்ஷானில் அத்தகைய குறியின்றி நிலம் நடுங்க, 2,40,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒருகாற் பலித்தது கொண்டு விதி வகுத்தலாகாது. நாளும் இடமும் வலிமையும் ஒருங்கே துணிந்துரைக்கும் நெறி இன்றளவும் எவரிடத்தும் இல்லை.

அற்றேல், முன்னறியற்பாலது யாதும் இல்லையோ எனின், உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவிற் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. காரணங் கண்டு காரியம் கருதுதற்கு அவ்விடைப்பொழுது போதியது, உரைப்பார்தாம் இலர். 2007 முதல் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இக்கருதலையே மேற்கொள்கின்றது. நடுக்கம் யாவும் பேரலை எழுப்பா ஆதலின், கடலில் நிறுவிய மிதவைகளால் நீரின் ஏற்றத்தையும் அளந்து ஐயம் நீங்குவர்.

நாட்குறித்துப் பரப்பும் பொய்யுரைக்கு அஞ்சி மீனவர் கடலேகாதொழியின் அன்றை உணவு கெடும். பொய்யைப் பன்முறை கேட்டு வெறுத்து மெய்யெச்சரிக்கையையும் இகழின் உயிரே கெடும். ஆதலின், நூலின் பழமையும் கருவியின் புதுமையும் நோக்காது, கூறிய ஏது பிறழாததோ என்பதொன்றையே நோக்கிக் கொள்ளுதலும் தள்ளுதலும் அறிவுடையார் கடன் என்க.