தண்ணீர் நடக்கும் வேகம்

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாளாவது ஆகும். இடையில் உள்ள தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற தாத்தாவின் வேகம் அது. காவிரி ஓடுகிறது என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அவள் நடந்துதான் வருகிறாள். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்த நாளிலிருந்து, தஞ்சாவூர்ப் பக்கம் போனால் நானும் நடந்துதான் பார்க்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். பேருந்தில் போனால் ஐந்தும் ஐந்து பாலங்கள், அவ்வளவுதான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தாலும் ஒன்று தவறிப்போகும். பாலத்தில் இறங்கி, கரையில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருப்பது அப்போதுதான் தெரியும். வடவாறு ஊரை உரசிக்கொண்டு போகிற ஆறு. துவைக்கிற கல்லும் மாட்டைக் குளிப்பாட்டுகிற சத்தமுமாக இருக்கும். வெண்ணாறு அகலமாக, வாய் பேசாமல் போகும். குடமுருட்டி நெருங்கிய சொந்தக்காரி மாதிரி. இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் கேட்கும். பழைய காலத்தில் அதற்குக் கடுவாய் என்று பெயர். ஐந்தில் எனக்குப் பிடித்தது அதுதான். மூங்கில் வளைந்து தண்ணீரைத் தொடுகிற இடங்கள் அதில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நடப்பதற்கு இவ்வளவு வசதியான பூமி தமிழ்நாட்டில் வேறு எங்கும் இல்லை என்பேன். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. நிலம் கிழக்கே மெல்லச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு தண்ணீருக்குத் தெரியுமே தவிர நம் முழங்காலுக்குத் தெரியாது. ஆற்றின் இரண்டு பக்கமும் உயர்த்திப் போட்ட மண்கரை. அதன் மேல் நின்றால் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே வயல். மலை ஏறிப் பார்க்க வேண்டிய காட்சியை இந்த ஆறடி உயரமே கொடுத்துவிடுகிறது. வழி தவறும் என்ற பயமும் இல்லை. ஆற்றைக் கைவிடாத வரை ஏதாவது ஓர் ஊர் வந்தே தீரும்.

இங்கிலாந்தில் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நடக்கிறவர்களுக்கென்றே பாதைகள் உண்டு. 1949-இல் ஒரு சட்டம் இயற்றி, வயலுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதைகளைக்கூட வரைபடத்தில் குறிக்கச் செய்தார்கள். அப்படிக் குறித்த பாதையை நிலத்துக்காரரும் அடைக்க முடியாது. மெச்சத்தக்க காரியம். நம்மிடம் அப்படி ஒரு வரைபடம் இல்லை. ஆனால் சித்திரை மாதத்தில் ஒரு நாள், ஒரு வட்டாரமே சேர்ந்து நடந்து அந்த வரைபடத்தைக் காலால் போடுகிறது.

திருவையாற்று ஏழூர்த் திருவிழாவைத்தான் சொல்கிறேன். சப்தஸ்தானம் என்பார்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி விசாக நட்சத்திரத்தில், ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில் புறப்படுவார்கள். நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில் உடன் வருவார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று ஆறு ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்ப ஐயாறு. ஒவ்வோர் ஊர்ச் சாமியும் எல்லைக்கு வந்து எதிர்கொண்டு, தானும் சேர்ந்துகொள்வார். திருமழபாடியில் நடந்த நந்தியின் கல்யாணத்துக்கு உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லப் போகிற ஊர்வலம் இது என்பது ஐதீகம். பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடு, வேதிகுடியிலிருந்து வேதியர், கண்டியூரிலிருந்து நகை, பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய். ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே கல்யாணச் சாமான் பட்டியல் ஆகிவிடுகிறது. ஏழு பல்லக்கும் ஐயாற்றில் கூடி நிற்க, பொம்மை பூப்போடுகிற காட்சியைப் பார்க்காமல் இந்த வட்டாரத்தைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

விழாவின் அழகை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வியப்பு, அந்தச் சுற்றை அமைத்தவர்களின் கால்ஞானம். வடகரையில் புறப்பட்டு, கிழக்கே போய், தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, மறுபடி காவிரியைக் கடந்து வீடு வந்துசேர்கிற சுற்று. இரண்டு ஊருக்கு நடுவே நடை அலுக்கிற நேரத்தில் அடுத்த கோபுரம் தென்னை மரங்களுக்கு மேல் தெரியும். களைப்பு வருகிற இடத்தில் ஒரு குளமோ மண்டபமோ இருக்கும். தேர்ந்த பாடகர் கச்சேரியில் எந்த இடத்தில் துக்கடா வைப்பது என்று அறிந்திருப்பது போல, எங்கே கால் உட்காரக் கேட்கும் என்று அறிந்து அமைத்த சுற்று. சித்திரையில் ஆற்றில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. மணலில் இறங்கி நடந்தால், ஆற்றின் நடுவே நின்று இரண்டு கரையையும் பார்க்கிற பாக்கியம் கிடைக்கும்.

இந்த மண்ணில் பெரியவர்கள் எல்லோரும் நடந்தவர்களே. அப்பர் நடந்த நடையை ஐயாறு அறியும். திருப்பூந்துருத்தியில் அவர் மடம் கட்டினார். அவரைப் பார்க்கச் சம்பந்தர் வந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். திருப்பழனத்துக்குப் பக்கத்துத் திங்களூரில் அப்பூதியடிகள், அப்பரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். வழிநடப்பவருக்கு ஒரு குவளை நீர் கொடுப்பதை வழிபாடாக நினைத்த ஊர்! பிற்காலத்தில் தியாகராஜர் திருவையாற்றுத் தெருக்களில் உஞ்சவிருத்திக்காகப் பாடிக்கொண்டே நடந்தார். அவர் சித்தியடைந்த பகுள பஞ்சமியன்று இன்றும் வித்வான்கள் அப்படியே பாடி நடந்து காவிரிக்கரைச் சமாதிக்கு வருகிறார்கள். அவர்களின் தாளமும் காலடியும் ஒன்றாகச் சேர்கிற கணத்தில், அந்தக் கீர்த்தனைகள் நடந்துகொண்டே பாடப்பட்டவை என்பது உறைக்கும்.

கரையில் நடப்பது எவருக்கும் வரும். வரப்பில் நடப்பது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு, அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பு கண்ணாடிபோல் மினுங்கும். அதில் குதிகாலை ஊன்றினால் வயலில்தான் விழுவோம். விரல்களை முதலில் வைத்து, மண்ணைக் கொஞ்சம் கவ்விக்கொண்டு, பிறகு பாதத்தை இறக்க வேண்டும். நண்டு வளை இருக்கிற இடம் உள்ளே பொள்ளலாக இருக்கும். வாயில் புது மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். மடையான் ஒன்று மண்நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அது இருப்பதே தெரியாது. இரண்டடி தூரத்துக்குப் போனதும் எழும்பி, சிறகை விரித்தால் முழுக்க வெள்ளை! எத்தனை முறை பார்த்தாலும் அந்த வெள்ளைக்கு என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும்.

ஒரு தடவை வேதிகுடிக்குப் போகிற வழியில், மதகடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

“எங்க தம்பி, நடந்தே போறீங்க?”

“சோத்துத்துறை வரைக்கும் ஐயா.”

“பஸ்ஸு இருக்கே. வேண்டுதலா?”

“இல்லீங்க ஐயா. சும்மா பாத்துக்கிட்டே போகலாம்னு.”

அவர் சற்று யோசித்தார். “தண்ணி வர்றப்ப நாங்களும் அப்படித்தான். மொத தண்ணி வாய்க்கால்ல வர்றப்ப முன்னாடியே நடந்து போவோம். அது பின்னாலயே வரும்” என்றார்.

அதை அவர் கையால் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காய்ந்து வெடித்த வாய்க்காலில், நுரையும் சருகும் எறும்புமாக நீரின் நாக்கு நீண்டு வரும். வெடிப்பைக் கண்டால் நின்று, அதைக் குடித்து நிரப்பிவிட்டு, பிறகு நகரும். அதற்கு வழிவிட்டுப் பின்னால் எட்டு வைத்துக்கொண்டே போகிற சிறுவர்களைப் பின்னொரு வருஷம் நானே பார்த்தேன்.

எப்போது நடக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு: கார்த்திகை, மார்கழி. சம்பா பால் பிடித்து நிற்கும். பனியில் நெல்வாசனை தரையோடு படிந்திருக்கும். ஆடியில் ஆற்றைப் பார்க்கலாம், ஆனால் வெயிலும் காற்றும் பலம். தை கடைசியிலும் ஓர் அழகு உண்டு. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுத்ததும் தாளுக்கு நடுவே இன்னொரு பச்சை தலைகாட்டும். மிச்சம் இருக்கிற ஈரமும் இரவுப் பனியும் அதற்குப் போதும். சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் அறுத்த வயல்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பல படித்துறைகளில் இன்று கால் வைக்க முடியவில்லை. பழந்துணியும் பிளாஸ்டிக் பையும் குவிந்து கிடக்கின்றன. சில இடங்களில் கருவேல முள் கரையை முழுக்க மூடிவிட்டது. ஆள் நடக்காத கரையைத்தான் முள் பிடிக்கிறது. பாதையைக் காப்பாற்றச் சட்டம் வந்தால் நல்லது. வராவிட்டாலும், நாலு பேர் தினமும் நடந்தால் அந்தத் தடம் பிழைத்துக்கொள்ளும்.

தொடங்க நினைப்பவர்கள் ஏழூரையும் ஒரே நாளில் நடக்க வேண்டாம். கண்டியூரில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டு, வேதிகுடி வழியாகக் குடமுருட்டிக் கரையிலுள்ள சோற்றுத்துறை வரைக்கும் போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தண்ணீர் போகிற திசையில் நடப்பதால் கிழக்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஆகவே ஆறு மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.