பத்து நிமிட நடைக்குள்

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் செலவில் 25 ‘அன்புச்சோலை’ மையங்களை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவை திறக்கப்பட்டன. வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கும் முதியவர்கள் வந்திருந்து, இயன்முறை சிகிச்சையும் பேச்சுத்துணையும் பெற்று, மாலையில் வீடு திரும்புவதற்கான இடங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 50 பேருக்கு இடம். முதியோருக்கு ஏதாவது செய்வதென்றால் இல்லம் கட்டுவதுதான் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது பெரிய மாற்றம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம், அதில் 150 பேர் என்றுதான் கணக்குப் போட்டது. சொந்த வீட்டிலேயே முதுமையைக் கழிப்பவரை அரசு நினைத்துப் பார்த்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு முதியோர் திட்டம் தொடங்க இதே அச்சு போதுமா என்று கேட்டால் தயங்குகிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் இந்த இடம்தான். 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் வளைவுக்குள், நெசவாளர்களைக் குடியமர்த்த உருவானது இந்தப் பேட்டை, அன்றைய ‘சின்னத்தறிப்பேட்டை’. தறிகள் போய்விட்டன, தெருக்கள் அகலமாகவில்லை. மேலே வீடு, கீழே அச்சகமோ பேனர் கடையோ, வாசலில் வரிசையாக இரு சக்கர வண்டிகள், நடுவில் சரக்கு ஏற்றும் குட்டியானை. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் எழுபது வயதுக்காரருக்கு முதல் தடை, கைப்பிடி இல்லாத செங்குத்தான மாடிப்படி. இறங்கிவிட்டால் அடுத்த தடை தெரு. 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவசப் பேருந்து டோக்கன் தரும் திட்டம் சென்னையில் 2016 முதல் இருக்கிறது. நல்ல திட்டம், ஆனால் பேருந்துப் படியில் கால் வைக்க முடிகிறவருக்கே அது பயன்படும். பெரிய மையம் ஒன்றைத் தொலைவில் வைத்தால், அங்கே வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே நடமாட்டம் உள்ளவர்களாகவே இருப்பார்கள்.

இது என் ஊகம் மட்டுமல்ல. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் தகெதோயோ என்ற சிறிய ஊர் 2007-இல் முதியோருக்கான சிறு கூடங்களைத் தொடங்கியது. மாதத்துக்கு ஓரிரு முறை, பக்கத்துப் பொதுக்கூடத்தில், தன்னார்வலர்கள் நடத்தும் சந்திப்பு. பாட்டு, விளையாட்டு, உடற்பயிற்சி, தேநீர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அடுத்தவர் துணையில்லாமல் வாழ முடியாத நிலைக்குப் போனவர்களின் விகிதம், கூடத்துக்கு வந்தவர்களிடையே வராதவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ‘தெம்புள்ளவர்கள்தானே வருவார்கள், இதில் என்ன அதிசயம்’ என்ற கேள்வி உடனே எழும். ஆய்வாளர்களும் அதைக் கேட்டார்கள். வீட்டுக்கும் கூடத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கில் கொண்டு சோதித்த பிறகும் பலன் நின்றது. ஒருவர் வருவதற்கும் வராததற்கும் அந்தத் தூரத்தோடு தொடர்பு இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஆனால் தகெதோயோவை அப்படியே தூக்கி இங்கே வைக்கவும் முடியாது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. இங்கே முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை நம்பி வாழும் ஒருவரிடம் மாதம் இருமுறை பாட்டுப் பாட வாருங்கள் என்று மட்டும் சொல்வது கொடுமை. அவருக்குச் சோறு வேண்டும், மாத்திரை வேண்டும், ரேஷன் கடை இயந்திரத்தில் தேய்ந்துபோன விரல் ரேகை பதியாதபோது மாற்று வழி சொல்ல ஆள் வேண்டும். மறதி நோய் கண்ட தாயை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் மகளுக்கோ, காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடம் வேண்டும். சிறு கூடத்தால் அது ஆகாது. இங்கே அன்புச்சோலை போன்ற மையத்துக்கு மாற்றே இல்லை.

பெண்கள் விஷயத்தில் இரண்டு வடிவங்களுமே பரீட்சைக்கு உள்ளாகின்றன. பேட்டையின் பாட்டிகளில் பலர் ஓய்வில் இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டு, சமைத்து, தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் அவர்கள். சமையல் முடிந்து, பள்ளி விடும் நேரம் வருவதற்குள் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவர்களுடையது. பகல் முழுக்க இருக்கச் சொல்லும் மையத்தை அவர்களால் பயன்படுத்த முடியாது. காலையில் பூங்காவில் நடக்கும் நிகழ்ச்சிக்கும் வர மாட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, அதே தெருவில் என்றால் வருவார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. சிந்தாதிரிப்பேட்டையில் முதலில் வர வேண்டியது நான்கைந்து சிறு கூடங்கள், எந்த வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடைக்குள். கோயில் மண்டபம், தேவாலயக் கூடம், மாநகராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, எதுவானாலும் சரி, தரைத்தளமாகவும் கழிப்பறை உள்ளதாகவும் இருக்க வேண்டும். 2021 முதல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் அதே நாளில் அங்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். முழுநாள் மையம் இவற்றுக்குப் பின்னால் ஒன்று போதும், மறதி நோயாளிகளுக்கும் தனித்து விடப்பட்டவர்களுக்கும் என்று வரையறுத்து. அன்புச்சோலைக்கு அறிவிக்கப்பட்ட தொகையைப் பகிர்ந்தால் ஒரு மையத்துக்கு 40 லட்சம் ரூபாய் வருகிறது. அதில் சிறு பங்கே கூடங்களுக்கு வேண்டியிருக்கும்.

தன்னார்வலர்களை மட்டும் நம்பக் கூடாது. கட்டடம் எழுந்தும் நடத்த ஆளின்றிப் பூட்டிக் கிடந்த, முதியோருக்கான ‘பகல் வீடுகள்’ கேரளத்திலேயே உண்டு. பேட்டையைச் சேர்ந்த ஒருவர், பெண்ணாக இருந்தால் நல்லது, சம்பளத்துக்கு இருக்க வேண்டும். இரண்டு சந்திப்புக்கு வராதவரின் கதவைத் தட்டுவது அவருடைய முதல் வேலை. ஓராண்டு முடிவில் வருகைப் பதிவேட்டை நான் பார்க்க நேர்ந்தால் மொத்த எண்ணிக்கைக்குப் போக மாட்டேன். மாடி வீட்டுக்காரர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்றுதான் எண்ணுவேன்.