உப்பு நகரங்களில் தலைவன் யார்?

அரபு நாவலாசிரியர் அப்துல் ரஹ்மான் முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’ 1984 முதல் 1989 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. முதற்பாகத்தை ஆங்கிலத்தில் படித்த அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக், தனிமனிதனின் அறப் போராட்டம் இல்லாமையால் இது நாவலாகவே தோன்றவில்லை என 1988இல் குறை கூறினார். எமக்கு அது உடன்பாடன்று.

வாதி அல்-உயூன், பாலைவனத்தின் நடுவே ஊற்றும் பேரீச்சையும் நிறைந்த சோலை. எண்ணெய் தேடி அமெரிக்கர் வருகின்றனர். மித்தெப் அல்-ஹத்தால் ஐயுறுகிறான், எச்சரிக்கிறான், கேட்பாரில்லை. பின்பு இயந்திரங்கள் தோப்பினுள் புகுந்து மரங்களைச் சாய்க்கின்றன. அவனோ ஒட்டகமேறிப் போனவன் போனவனே! கதைத்தலைவனைத் தேடுவோர் இங்கே ஏமாறுவர். இந்நாவலுக்குத் தலைமை தாங்குவது நிலமே அன்றோ? முதற்பொருள், கருப்பொருள் என்று வகுப்பில் நாள்தோறும் சொல்லும் தமிழாசிரியருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலம் அழியவே வாழ்வும் அழிகிறது. சோலைக்குரியோர் ஹர்ரான் துறைமுகத்தில் கூலிகளாகின்றனர். அமெரிக்கருக்கு வேலியிட்ட குடியிருப்பும் நீச்சற்குளமும். இவர்களுக்கு வெயிலிற் கொதிக்கும் கொட்டகை.

காலநிலை நீதி பேசுவோர் பெரும்பாலும் எண்ணெய் எரிந்தபின் எழும் புகையிலிருந்தே கணக்கிடுகின்றனர். எண்ணெய்ப் பொருளாதாரம் கற்றவரும், சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டவருமான முனீஃப், முதலில் வெட்டுண்ட மரத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார். மேடை முழக்கம் எங்குமில்லை.

குறையும் உண்டு. ஹர்ரானில் மாந்தர் பெருகிப் பெருகிப் பெயர்களை நினைவில் நிறுத்துவதே அரிதாகிறது. வேலைநீக்கம் செய்யப்பட்டோருக்காக எழும் வேலைநிறுத்தமே, ஈற்றில் அச்சிதறலை ஒன்றுசேர்க்கிறது.