மண்டியிட்ட மன்னன்

குடும்பம் ஒரு கோயில் என்பர். கோயில் என்று சொல்லிவிட்டால், உள்ளே நடப்பதைக் கேள்வி கேட்கலாகாது என்பது பொருள்! தந்தை சினந்தால் கண்டிப்பு. தாய் அழுதால் பொறுமை. கணவன் மறந்தால் தலைவிதி. இந்த அகராதியை ஏற்காமல், கலை பயிலும் மாணவி ஒருத்தி தான் கண்ட குடும்பத்தைக் களிமண்ணில் வடித்தால்?

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்து எழும்பூர்ப் பக்கம் நடந்தால், 1850இல் தோன்றிய ஓவியப் பள்ளி, அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கக் காண்கிறோம். அங்கே மாணவியரும் பயில்கின்றனர். கலையின் தலைநகரெனப் போற்றப்பட்ட பாரிசிலோ, அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களுக்குக் கதவடைத்திருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே நின்று கற்றவர் கமீல் குளோதெல். 1864இல் பிறந்து, தனியார் பள்ளியொன்றில் பயின்று, சிற்பி ரோடினுக்கு மாணவியானவர்.

அவர் 1886இல் தொடங்கி, 1888இல் காட்சிக்கு வைத்த சிலை எது தெரியுமா? சகுந்தலை! ஆம், காளிதாசனின் சகுந்தலைதான்.

பாரதக் கதையில் துசியந்தனுக்கு மறதியே இல்லை. மனைவியை அறிந்தே மறுக்கிறான். காளிதாசன் வந்தான், முனிவன் சாபமும் தொலைந்த மோதிரமும் தந்து மன்னனைக் குற்றத்திலிருந்து மீட்டான். கமீலின் சிலையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. மண்டியிட்டு அண்ணாந்து பார்க்கும் ஆண்; அவன்மீது சாய்ந்து, தன் நெஞ்சில் கை வைத்து நிற்கும் பெண். அவ்வளவே! நாடகத்திலும் மன்னன் காலில் விழுகிறான். ஆனால் அங்கே மன்னிப்பு முன்பே முடிவான ஒன்று. இங்கே அது பெண்ணின் கையில் இருக்கிறது. மன்னிப்பாளா, மாட்டாளா? சிலை சொல்ல மறுக்கிறது. பார்ப்பவனை உறுத்துவது அதுதான். பாரிசில் அதற்குப் பாராட்டுக் கிடைத்தது. 1895இல் ஷாத்தோரூ நகரின் காட்சியகத்துக்கு அதை அவர் வழங்கியபோதோ, ஊரார் சீறினர்.

அடுத்து, ‘முதிர்ந்த பருவம்’. முதியவள் ஒருத்தி நடுவயது ஆணை இழுத்துச் செல்கிறாள். பின்னே மண்டியிட்ட இளம்பெண் கை நீட்டுகிறாள். முதல் வடிவத்தில் அவன் கை அவள் பிடியில் இருந்தது. அடுத்த வடிவத்தில் கைகளுக்கிடையே வெற்றிடம்! அந்த வெற்றிடமே சிற்பத்தின் உயிர். ரோடினோடு அவருக்கிருந்த காதலின் கதை இதுவென்று பேசி முடிப்பார் பலர். அது வம்பு, திறனாய்வு அன்று. பிரியும் உறவு எதற்கும் பொருந்தும் உருவம் இது.

அவர் தம்பி பால் குளோதெல், கவிஞர், தூதர். மண்டியிட்ட அப்பெண் தம் தமக்கையே என்று 1951இல் எழுதினார். நன்று! அந்தத் தமக்கை கை நீட்டியபோது குடும்பம் செய்ததென்ன?

1913 மார்ச்சில் தந்தை இறந்தார். எட்டாம் நாள் கமீல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். குடும்பத்தாரின் விண்ணப்பமும் மருத்துவர் சான்றும் போதுமென்றது 1838ஆம் ஆண்டுச் சட்டம். அவர் மனம் நலிந்திருந்தது மெய்; தம் படைப்புகளைத் தாமே உடைத்ததும் மெய். ஆயினும் 1920இல் மருத்துவரே, வெளியே அனுப்பிப் பார்க்கலாம் என்றபோது தாய் மறுத்தார். அந்தத் தாய் ஒருமுறையும் மகளைக் காண வந்தாரில்லை. தம்பி வந்தது விரல்விட்டு எண்ணத்தக்க சிலமுறையே. முப்பது ஆண்டுகள்! 1943இல் மனநோய் விடுதியிலேயே மாண்டார். எலும்பும் பொதுக்குழிக்குப் போயிற்று.

2017இல் நோழான்-சூர்-சேன் நகரில் அவர் பெயரால் காட்சியகம் திறந்தனர். சிலைக்கு மாளிகை, செய்தவளுக்குச் சிறை!

தோழர்களே, சகுந்தலையைக் கண்டு ஊர் சீறியது. சிற்பியை அடைத்தபோது அந்தச் சீற்றம் எங்கே போயிற்று? ஆபாசம் எது? மண்டியிட்ட கணவனா, பூட்டிய கதவா?

நம் வீட்டுப் பெண்ணொருத்தி கல்லூரியிலிருந்து ஒரு சிலை கொண்டுவருவாள். அதில் நம் தந்தையின் முகம் இருக்கலாம். நம் முகமே இருக்கலாம். நெஞ்சு உறுத்தும். ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று கேட்டு அதை மூலையில் மறைக்காமல், நடுக்கூடத்தில் வைத்து, அது சொல்வது உண்மையா என்று கேட்போம். உண்மையாயின், திருந்த வேண்டியது சிலையன்று.