நோயாளி அருகே நின்ற நேரம்

அமெரிக்காவில் டாக்டராக விரும்பும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்தாக வேண்டும். பிரீ-மெட் என்பது பொதுவாகத் தனிப் பட்டம் அல்ல. எந்தத் துறையில் சேர்ந்தாலும் மருத்துவக் கல்லூரி கேட்கும் பாடங்களைப் படித்து, எம்கேட் நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தால் போதும். ஆனால் மதிப்பெண்ணோடு விஷயம் முடிவதில்லை. ஆஸ்பத்திரியில் வாலண்டியராக இருந்தாயா, டாக்டர் பின்னால் நின்று பார்த்தாயா, நோயாளியைத் தொட்டுப் பணி செய்திருக்கிறாயா என்றும் தேர்வுக் குழு பார்க்கிறது. மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ சீட்டு முடிவாவதைப் பார்த்து வளர்ந்து, பிறகு அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. "மார்க் இருக்கே, அப்புறம் எதுக்கு சனிக்கிழமை தவறாம ஆஸ்பத்திரிக்குப் போய் நிக்கணும்?" என்று கேட்கிறார்கள்.

நிற்கத்தான் வேண்டும். உயிரியல் பிடித்தவருக்கெல்லாம் நோயாளியைப் பிடித்துவிடாது. வாந்தி நாற்றம், வலியில் வரும் வசவு, காத்திருந்து பொறுமை இழந்த உறவினரின் கோபம் ஆகியவற்றோடு தன்னால் வாழ முடியுமா என்பதைப் பத்தொன்பது வயதில் தெரிந்துகொள்வது நல்லது. நான்காண்டு மருத்துவப் படிப்பு, பிறகு மூன்று முதல் ஏழு ஆண்டு ரெசிடென்சி எனும் மேற்பயிற்சி, தலைக்கு மேல் கடன் என்று ஆன பிறகு தெரிந்துகொண்டால் திரும்பி வர வழியில்லை. அந்த வகையில் இந்த எதிர்பார்ப்பின் அடிப்படையில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அதை அளக்கும் முறையில்தான் கோளாறு.

எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 அனுபவங்களைப் பதியலாம். ஒவ்வொன்றையும் 700 எழுத்துக்குள் விவரிக்க வேண்டும். கூடவே எத்தனை மணி நேரம் என்ற எண்ணும் உண்டு. இனிமேல் செய்யப்போகும் மணிகளைக்கூட அதில் குறிக்கலாம். எண் கேட்கும் இடத்தில் போட்டி பிறக்காமல் இராது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது "உனக்கு எத்தனை ஹவர்ஸ்?" என்பதுதான். யாரைப் பார்த்தாய், என்ன புரிந்தது என்ற பேச்சு அதற்குப் பிறகே வருகிறது.

பெரிய ஆஸ்பத்திரி வாலண்டியர் பணியைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, அடையாள அட்டை எல்லாம் முடிந்து உள்ளே போகும் மாணவர் கையுறைப் பெட்டிகளை நிரப்புகிறார், ஸ்ட்ரெச்சரைத் துடைக்கிறார், குளிரும் நோயாளிக்குச் சூடாக்கிய போர்வை கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்தப் போர்வை கொடுக்கும் இரண்டு நிமிடத்தில் நிற்கவும் பேசவும் தெரிந்தவருக்கு நிறையவே கிடைக்கும். தெரியாதவர் வரவேற்பு மேசைக்குப் பின்னால் எம்கேட் புத்தகத்தை விரித்துவைத்திருந்தாலும் அதே மணி ஏறுகிறது.

ஷேடோயிங் எனும் டாக்டர் பின்னால் நிற்கும் முறையில் வேறொரு சங்கடம். "இந்த மாணவர் உடன் இருக்கலாமா?" என்று டாக்டர் கேட்கும்போது நோயாளி ஆஸ்பத்திரி கவுனில், பாதி உடம்பு தெரிய உட்கார்ந்திருப்பார். சிகிச்சை தரப்போகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? மாணவரை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பது கண்டிப்பான வழக்கமாக வேண்டும். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே போனில் கிடைக்கும் இந்த வாய்ப்புக்காக, யாரையும் தெரியாத பிள்ளை பதில் வராத மின்னஞ்சல்களை அனுப்பிக்கொண்டிருப்பது தனிக் கதை.

என் கணிப்பில் சிறந்த பயிற்சி நர்ஸிங் அசிஸ்டென்ட் வேலை. இதற்குக் கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். பல மாநிலங்கள் இன்னும் கூடுதலாகக் கேட்கின்றன. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். துணியை அவர் உடம்புக்கு அடியில் செருகி, எதிர்ப்பக்கம் இன்னொருவர் பிடிக்க, சேர்ந்து இழுத்தால்தான் தோல் உராயாது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் சிவந்திருக்கிறதா என்று பார்த்து நர்ஸிடம் சொல்ல வேண்டும். மலம் துடைக்கும்போது திரையை இழுத்து, உடம்பை மூடி, என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடமே சொல்லிவிட்டுத் தொட வேண்டும். மானம் என்பதை எந்த வகுப்பும் இப்படிச் சொல்லித்தர முடியாது. வராவிட்டால் அங்கே ஒருவர் ஈரத்தில் கிடப்பார் என்பதால் வந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் பாடம்.

வாலண்டியர் பணியிலும் அந்தக் கட்டாயம் உள்ள இடம் ஒன்று உண்டு: குணமாகாத நோயின் கடைசிக் காலத்தில் இருப்போரைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ். மெடிகேர் எனும் அரசுக் காப்பீட்டின் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில், சம்பளப் பணியாளர் நோயாளிகளுக்குச் செலவிடும் மொத்த நேரத்தில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் வாலண்டியர்கள் உழைக்க வேண்டும் என்பது விதி. இதில் அலுவலக வேலையும் சேரும் என்றாலும், நோயாளி வீட்டுக்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி மருந்து வாங்கிவர வெளியே போகும் நேரத்தில் மாணவர் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார்; அவர் வராவிட்டால் மனைவி வெளியே போக முடியாது. குணப்படுத்த ஒன்றும் இல்லாத அறையில் உட்காரப் பழகியவர், பிற்காலத்தில் கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நாளில் அறையைவிட்டு ஓட மாட்டார்.

இந்த நேரத்தையெல்லாம் யாரால் ஒதுக்க முடிகிறது? அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வருமானத்தில் மேல்தட்டு நாற்பது சதவீதக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்று மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே 2018இல் வெளியிட்டது. இதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் சம்பளமில்லா மணிகளைக் கேட்பது மருத்துவக் கல்லூரியின் வாசலை அகலப்படுத்தாது. விண்ணப்பத்தில் சம்பள மருத்துவ வேலைக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. இருந்தும், கூலி வாங்கினால் அது சேவை ஆகாது என்ற எண்ணத்தில், இரவு முழுக்க முதியோர் இல்லத்தில் உழைக்கும் பிள்ளையிடமும் தனியே வாலண்டியர் மணிகளைக் காட்டச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. இது அநியாயம்.

வசதி படைத்தவர் வெளிநாட்டு மருத்துவ முகாமுக்குப் பணம் கட்டிப் போய், சொந்த ஊரில் தொட விடாத ஊசியை ஏழை நாட்டு நோயாளிக்குப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. பயிற்சி இல்லாத மாணவர் இப்படிச் செய்வது நோயாளிக்கு ஆபத்து என்றும், விண்ணப்பத்துக்கே பாதகமாகலாம் என்றும் அதே சங்கம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்த அளவு தெளிவை உள்ளூர் விஷயத்திலும் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும். போதுமான மணிகள் என்று ஓர் உச்சவரம்பை அறிவித்து, அதற்கு மேல் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை என்று எழுதட்டும். நர்ஸிங் அசிஸ்டென்டின் சம்பள இரவுகளையும் சேவைக்குச் சமமாகவே எடுத்துக்கொள்வோம் என்று ஒவ்வொரு கல்லூரியும் தன் சேர்க்கை விதிகளில் வெளிப்படையாகச் சொல்லட்டும்.