சீனக் குயவரும் சிவகாசி அச்சாளரும்

சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில், கடலடியிலிருந்து மீண்ட பொற்கிண்ணமொன்று காண்போரை ஈர்க்கிறது. நம்மை நிறுத்தியவையோ அதனுடன் மீண்ட மண்கிண்ணங்கள்.

1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டறியப்பட்ட மரக்கலத்தின் சரக்கு அவை. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த, அரபுக் கடலோடிகளின் முறையில் அமைந்த கலம் அது. ஏறத்தாழ 60,000 சீன மட்பாண்டங்கள் அதில் இருந்தன, கிண்ணமொன்றில் கி.பி. 826-க்குரிய ஆண்டுக் குறிப்பும் உண்டு.

சாங்ஷா சூளைகளில் உருவான கிண்ணங்கள் சிலவற்றில் அரபு எழுத்தை ஒத்த தூரிகைக் கோடுகள். ஓத முயன்றோம்; சொல் அமையவில்லை. மொழியறியாத குயவர், வாங்குவோர் மனமறிந்து தீட்டினார் போலும்.

திருத்தங்கலில் வாழும் நமக்கு இது புதிதன்று. பக்கத்துச் சிவகாசியில் அரபு அறியாத கைகளும் நம் நாட்காட்டிகளில் திருமறை வசனங்களை அச்சிடுகின்றன. ஒரு நுக்தா பிறழ்ந்ததற்காக அத்தகைய தொழிலாளி ஒருவரை நாம் கடிந்ததுண்டு. மெய்ப்புப் பார்த்தவர் நாமே; பழியை அவர்மீது சுமத்தினோம்.

காட்சியமைப்பு வாணிகத்தின் வழியை நன்கு விளக்குகிறது. வனைந்த கையை நாமே தேடிக் காணவேண்டியிருக்கிறது. ஆயினும் இக்குறை கூறும் தகுதி நமக்குண்டா? நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைச் செய்தவர் யாரென நாமும் கேட்டதில்லையே!