இராஜினாமாக் கடிதமும் எழுதப்படாத நாவலும்

தொழிலாளி வேலையிழக்கும் கட்டம் முற்போக்கு இலக்கியத்துக்குப் புதியதன்று. ஆலையின் கதவு மூடப்படுகிறது. வெளியே தொழிலாளர் கூடி நிற்கின்றனர். உள்ளே முதலாளி நிற்கின்றான். இடையே பொலிஸ் நிற்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதில் வாசகனுக்கு ஐயம் எழுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நமது கதைகளும் நாவல்களும் இந்தக் கதவின் முன் நின்றே பேசி வந்திருக்கின்றன. ஆனால், கதவே இல்லாத இடத்தில் ஒருவன் வேலையிழந்தால் நமது இலக்கியம் என்ன செய்யும்? இக்கேள்வியை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. பொரளையில் எம்முன் வந்து நின்ற ஓர் இளைஞரே இதனை எழுப்பினார்.

அவர் எம்மிடம் படித்தவர். மலையகத்தில் லயக் காம்பராவொன்றில் பிறந்து, பல்கலைக்கழகம் புகுந்து, கணினி மென்பொருள் எழுதும் வேலையில் அமர்ந்தவர். பேஸ்லைன் வீதியையொட்டிய ஒழுங்கையொன்றில் வாடகை அறை எடுத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பி வந்தார். ஒருநாள் மாலை கையிலே ஒரு தாளுடன் வந்தார். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இராஜினாமாக் கடிதம். தமது சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து விலக விரும்புவதாகவும், இதுவரை கிடைத்த வாய்ப்புக்கு நன்றி தெரிவிப்பதாகவும் அதில் எழுதியிருந்தார். இலக்கணப் பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டார். நாம் ஒரு வினைச்சொல்லின் காலத்தை மாற்றினோம், ஓரிடத்தில் காற்புள்ளி இட்டோம், வாழ்த்தி அனுப்பினோம். அவருடன் பணியாற்றிய வேறு பலரும் அதே வாரத்தில், ஏறக்குறைய அதே சொற்களில், அதே சொந்தக் காரணங்களை எழுதிக் கையொப்பமிட்டனர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிழை திருத்தியதே எமது பிழையாயிற்று. ஆசிரியர் என்ற முறையில் நாம் சொல்லைப் பார்த்தோம். சொல் யாருடையது என்று பார்க்கத் தவறினோம். ஆகவே, ஓர் இலக்கியப் படைப்பை ஆராய்வதுபோல அக்கடிதத்தை இன்று ஆராய்வது எமது கடனாகிறது.

அக்கடிதத்தின் எழுவாய் 'நான்'. 'நான் விலகுகிறேன்; நான் விரும்புகிறேன்; நான் நன்றி கூறுகிறேன்.' ஆனால், அதற்கு முந்திய நாட்களில் நிறுவனம் அவருக்கு அனுப்பிய அறிவித்தலில் எழுவாயே இல்லை. அமைப்பு மறுசீரமைக்கப்படுகிறது, பதவிகள் தேவையற்றவையாகியுள்ளன, கடினமான தீர்மானங்கள் எடுக்கப்பட்டுள்ளன. யார் மறுசீரமைத்தார், யார் தீர்மானித்தார் என்பவற்றுக்கு அங்கே விடையில்லை. செயல் புரிந்தவன் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துகொள்கிறான். செயலுக்கு ஆளானவன் செய்வினையின் எழுவாயாக முன்னே நிறுத்தப்படுகிறான். ஒரே நிகழ்ச்சியைக் கூறும் இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், மொழி எத்துணைக் கூர்மையான வர்க்கக் கருவி என்பது தெளிவாகும்.

இந்த இலக்கணத் தந்திரத்தின் தேவை எங்கிருந்து பிறந்தது? இந்நாட்டுச் சட்டத்திலிருந்தே பிறந்தது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துவது பற்றியது. பதினைந்து பேருக்குக் குறையாதோர் பணியாற்றும் தனியார் நிறுவனமொன்று, ஒழுக்காற்று நடவடிக்கையாக அன்றி வேறு காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த விரும்பினால், அவருடைய முன்கூட்டிய எழுத்து மூலச் சம்மதத்தைப் பெறவேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியைப் பெறவேண்டும். பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்கள் பணியாற்றியவருக்கு இப்பாதுகாப்பு உண்டு. இவ்விரண்டும் இன்றி நிறுத்தினால் அந்நிறுத்தம் சட்டத்தின் கண் செல்லாது. மீண்டும் வேலையில் அமர்த்தும்படியும் கட்டளையிடலாம். நீலச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இங்கே வேறுபாடில்லை. அலுவலக ஊழியரும் இதனுள் அடங்குவர்.

இப்போது அக்கடிதத்தின் பொருள் விளங்குகிறதல்லவா? ஆணையாளரிடம் சென்றால் காரணம் காட்டவேண்டும், கணக்குக் காட்டவேண்டும், நட்டஈடு கொடுக்கவேண்டும். ஊழியனே விலகுவதாக எழுதித் தந்துவிட்டால் இவற்றில் எதுவும் வேண்டாம். எமது மாணவர் எழுதியது விடைபெறும் கடிதமென்று நாம் எண்ணினோம். உண்மையில் அது ஓர் உரிமையைக் கையளிக்கும் பத்திரம். அதை எழுதியது அவருடைய கை. அதன் ஆசிரியர் அவரல்லர்.

இனி, இத்துறையில் இன்று பெருகிவரும் மற்றொரு வகை எழுத்தைப் பார்ப்போம். வேலையிழந்தோருக்கான வழிகாட்டி எழுத்து அது. தன்விபரக் கோவையைப் புதுப்பித்துக்கொள், புதிய கணினி மொழி ஒன்றைக் கற்றுக்கொள், செயற்கை நுண்ணறிவைக் கைவசப்படுத்து, அறிமுகங்களை வளர்த்துக்கொள், மனந்தளராதே. இவற்றுள் தவறான அறிவுரை ஒன்றுமில்லை; அடுத்த மாத வாடகைக்கு வழி தேடுபவனுக்கு இவை உதவவும் கூடும். இவற்றைப் பரிகசிப்பது எமது நோக்கமன்று. ஆனால், ஓர் எழுத்து எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்ப்பதே திறனாய்வு. நாம் படித்த இத்தகைய கட்டுரைகளில் 'கையொப்பமிடுமுன் சட்டத்தைக் கேள்' என்ற வரியைக் காணவில்லை. 'உன்னுடன் நிறுத்தப்பட்டவர்களைக் கூட்டிப் பேசு' என்ற வரியையும் காணவில்லை. பலருக்கு ஒரே நாளில் நேர்ந்த கேட்டை ஒவ்வொருவனுடைய தனிக் குறைபாடாகப் பிரித்துக் கொடுப்பதே இவ்வெழுத்தின் உள்ளார்ந்த வேலை. முன்பு தலைவிதி என்றார்கள். இப்போது திறன் போதாமை என்கிறார்கள்.

திறன் போதாமைதான் காரணமா? உலக நிலையைச் சற்றே நோக்குவோம். மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் ஏறக்குறைய 11,000 பேரை நிறுத்தியது. 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அந்த 2023ஆம் ஆண்டில் அதன் நிகர இலாபம் ஏறக்குறைய 3,900 கோடி டொலர். 2024 பெப்ரவரியில் அது தன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பங்குதாரருக்குப் பங்கிலாபம் அறிவித்தது. நட்டத்தால் மூடப்படும் ஆலையின் கதை இதுவன்று. இலாபத்தின் நடுவே ஆளைக் குறைக்கும் கதை இது. இயந்திரம் வேலையைப் பறித்ததென்று கூறுவோரும் உளர். இயந்திரம் எந்தக் கடிதத்திலும் ஒப்பமிடுவதில்லை. அதனால் மிச்சமாகும் உழைப்பு நேரம் யாருக்குச் சேரவேண்டும் என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர்.

கொழும்பின் நிலை இதனிலும் சிக்கலானது. பேஸ்லைன் வீதியில் தெமட்டகொடைப் பக்கமுள்ள ஒரியன் சிட்டி போன்ற வளாகங்களில் செய்யப்படும் வேலையில் பெரும்பகுதி கடல் கடந்த வாடிக்கையாளருக்குரியது. தீர்மானம் ஒரு கண்டத்தில் எடுக்கப்படுகிறது. மேசை பொரளைக்கு அண்மையில் வெறுமையாகிறது. தேயிலையின் விலை லண்டனில் குறைந்தபோது தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டதை அறிந்த குடும்பமொன்றின் பிள்ளை, அதே நிகழ்ச்சியைக் குளிரூட்டிய அறையில் சந்திக்கிறான். பாட்டனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. பேரனுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அவன் தன்னைத் தொழிலாளி என்று எண்ணவில்லை. அவனுடைய பதவிப் பெயர் பொறியியலாளன். அவனுடைய கூட்டம் குழு. அவனுடைய மேலாளர் பெயர் சொல்லி அழைக்கப்படும் நண்பர். ஜெர்மானிய எழுத்தாளர் ஹான்ஸ் ஃபலாடா 1932இல் வெளியிட்ட 'சிறு மனிதனே, இனி என்ன?' என்ற நாவல் இத்தகைய ஒருவனையே நாயகனாகக் கொண்டது. பின்னெபெர்க் ஒரு துணிக்கடை விற்பனையாளன். கழுத்துப்பட்டை அணியும் தான் ஆலைத் தொழிலாளியினும் வேறானவன் என்று நம்புகிறவன். மாதத்துக்கு இவ்வளவு விற்கவேண்டும் என்ற அளவுகோல் கடைக்குள் வருகிறது. அவ்வளவை எட்டமுடியாமல் வேலையிழக்கிறான். கடைசியில், அழுக்கு உடையுடன் ஒரு கடைக் கண்ணாடி முன் நின்ற அவனைப் பொலிஸ்காரன் நடைபாதையிலிருந்து விரட்டுகிறான். அந்தக் கணத்திலேதான் தான் எந்த வர்க்கத்தவன் என்பது அவனுக்குப் புலப்படுகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நாவல் வெளிவந்த அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான்.

நமது நாட்டில் இதற்கு ஒப்பான படைப்பு எது? மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'யுகாந்தய' 1949இல் வந்தது. முதலாளி சவிமன் கபலானவையும், அவனுக்கு எதிரே தொழிலாளர் பக்கம் நிற்கும் மகன் மாலினையும் ஒரு வீட்டுக்குள்ளேயே மோதவிட்ட நாவல் அது. தமிழில் செ. கணேசலிங்கன் 'செவ்வானம்' மூலம் 1967இல் கொழும்பின் வர்க்க வாழ்வை நாவலுக்குள் கொணர முயன்றார். மலையக எழுத்தாளரோ பேர் வெட்டப்படுதலையும் லயத்தையும் தம் இரத்தத்தால் அறிந்து எழுதினர். இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், இம்மரபு சம்பளத்துக்கு உழைப்பவனின் முகத்தை ஒருமுறை வரைந்துவிட்டு அதனையே திரும்பத் திரும்பப் பிரதி செய்துகொண்டிருந்தால், மாறிவிட்ட முகத்தை அது அடையாளம் காணாது. யதார்த்தவாதம் என்பது பழைய யதார்த்தத்துக்கு விசுவாசமாய் இருப்பதன்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 'கொழுந்து பறிக்கும் பெண்ணைப் போலப் பல மடங்கு சம்பளம் பெற்றவனுக்காக முற்போக்கு இலக்கியம் கண்ணீர் வடிக்கவேண்டுமா?' என்று சில நண்பர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. கண்ணீர் வடிக்கும்படி நாமும் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் அப்பெண்தான் இவனைப் படிக்கவைத்தாள். இவனுடைய சம்பளத்தை நம்பித்தான் தங்கையின் படிப்பும் தகப்பனின் மருந்துச் செலவும் நின்றன. அன்றியும், வருமானத்தின் அளவு வேறு. உழைப்பை விற்றாலன்றி வாழவியலாத நிலை வேறு. இரண்டாவது நிலையில் தாயும் மகனும் ஒன்றே. இந்த ஒற்றுமையை அவனுக்கு உணர்த்தவல்ல நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பதே நமது குறை.

அது இயலாத காரியமுமன்று. டி. சி. எஸ். நிறுவனத்தின் ஆட்குறைப்பின்போது, கருவுற்றிருந்த பெண் ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இந்திய நகரங்களில் ஊழியர் சங்கங்கள் வெளிப்படையாகக் குரல் எழுப்பின. ஆட்குறைப்பு நின்றுவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால், 'சொந்தக் காரணங்கள்' என்ற பொய் அங்கே பொது இடத்தில் மறுக்கப்பட்டது. இலங்கையிலும் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கமொன்றைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஒரு மென்பொருட் குழுவில் ஏழு பேர் இருப்பது அரிதா?

அச்சம் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். அதற்கு வரலாறும் உண்டு. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 40,000 ஊழியரை அரசாங்கம் வீதிக்குத் தள்ளியது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கோரிக்கையின் கீழ் நின்ற அந்த அணி அன்று முறிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு, இதே பொரளையில் கனத்தை மயானத்தின் அருகே தீ மூண்டபோது, அதனை மறித்து நிற்க வலுவுள்ள தொழிலாளர் அணியொன்று இருக்கவில்லை. இனவெறிக்குக் காரணங்கள் பல. அவற்றை ஒன்றாகச் சுருக்குவது பிழை. ஆயினும், தன் துன்பத்துக்குரிய காரணத்தை அறியாத மனிதனிடம் பொய்க் காரணத்தை விற்பது எளிது என்பதைப் பொரளை அறியும். பின்னெபெர்க்கின் நாடும் அறிந்தது.

பொரளைச் சந்தியிலிருந்து இராஜகிரியப் பக்கம் செல்லும் பழைய கொட்டா வீதிக்கு இன்று கலாநிதி என். எம். பெரேரா மாவத்தை என்று பெயர். மேலே நாம் கூறிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது அவர் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தார். அச்சட்டத்தின்படி முறையிடவேண்டிய தொழில் திணைக்களம் நாரஹேன்பிட்டியில், பொரளையிலிருந்து சிறு பஸ் பயணத் தொலைவில் இருக்கிறது. எமது மாணவர் மூன்றாண்டுகள் அந்தச் சந்தியில் நாள்தோறும் பஸ் ஏறியவர். சட்டத்தையும் அவர் அறியவில்லை. திணைக்களத்தின் படியையும் மிதிக்கவில்லை. குற்றம் அவருடையதன்று. கவிதையின் அணிநலனைக் கற்பித்த நாம், அவர் ஒருநாள் கையொப்பமிடப்போகும் தாளைப் படிக்கக் கற்பிக்கவில்லை.

எனவே, ஆசிரிய நண்பர்களுக்கு எமது வேண்டுகோள் இது. அறிவித்தல், ஒப்பந்தம், இராஜினாமாக் கடிதம் ஆகியவற்றையும் வகுப்பறையில் பாடமாக வையுங்கள். எழுவாய் எங்கே என்று மாணவரைக் கேளுங்கள். எழுதும் இளைஞர்களுக்குச் சொல்வது இது. மென்பொருள் எழுதும் அறைக்குள்ளும் போங்கள். அங்கே நிற்கும் மனிதனை அவனுடைய தாயின் லயத்தோடும் அவனுடைய வெட்கத்தோடும் சேர்த்து எழுதுங்கள்.

எமது மாணவர் நான்கு மாதங்களாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார். தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிப்பதற்குச் சட்டம் தரும் கால எல்லை ஆறு மாதம். எழுதித் தந்த கடிதம் வற்புறுத்தலால் எழுதப்பட்டது என்று நிறுவுவது எளிதன்று என்பதை அவரிடம் மறைக்காமல் கூறியிருக்கிறோம். ஆயினும், தம்முடன் விலகியவர்களில் சிலரைத் தேடிப் பிடித்து, வருகிற ஞாயிறன்று எமது வீட்டுக்கு அழைத்து வருகிறார். இம்முறை அவர்கள் எழுதவிருப்பது முறைப்பாடு. அதன் எழுவாய் 'நாங்கள்' என்றிருக்கும்.